செக்ரோல் மென்பொருளைப் பொதியாகக் கட்டித் தோட்டங்களுக்கு அனுப்புவது: ஆப்-வி முழு வழிகாட்டி

ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு பத்துத் தேயிலைத் தோட்டங்களின் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வருகையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் மென்பொருள் திறக்கவில்லை என்று கிளாக்கர் தொலைபேசியில் சொன்னால், முன்பெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். சிவனொளிபாதமலைப் பருவம் என்றால் ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நோர்வூட்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, கடைசி மூன்று மைலுக்கு முச்சக்கரவண்டி பேசிப் போய்ச் சேர்ந்தால் வேலை பதினைந்து நிமிடந்தான். யாரோ ஓர் அறிக்கைக் கருவியைப் புதிதாக நிறுவியிருப்பார்கள். அது, பல மென்பொருள்கள் ஓடத் தேவையான ஜாவாவின் பழைய பதிப்பைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்திருக்கும். பழைய ஜாவாவை நம்பியிருந்த செக்ரோல் படுத்துவிட்டிருக்கும்.

இந்த அலைச்சலைக் குறைக்கத்தான், மென்பொருளைக் கணினியில் நேரடியாக நிறுவாமல் தனிப் பொதியாகக் கட்டி ஓட்டும் செயலி மெய்நிகராக்கத்துக்கு வந்தேன். அதற்கான மைக்ரோசொஃப்டின் ஆப்-வியைக் கொண்டு நான் செய்யும் முறையை, சறுக்கிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன். பொதி கட்டும் மேசையில் இரண்டு நாள் பொறுமையாக உட்காராதவர் அந்த இரண்டு நாளையும் பஸ்ஸில் செலவழிக்க வேண்டிவரும்.

குமிழிக்குள் ஒரு மென்பொருள்

வழக்கமாக ஒரு மென்பொருளை நிறுவும்போது அது தன் கோப்புகளை விண்டோஸின் பல மூலைகளில் இறைக்கிறது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கான பதிவுகளை எழுதுகிறது. இரண்டு மென்பொருள்கள் ஒரே இடத்தில் எழுத வந்தால் சண்டை. ஆப்-வியில் அந்தக் கோப்புகளும் ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளும் ஒரே பொதிக்குள் அடைபடுகின்றன. ஓடும்போது அந்த மென்பொருளுக்கு மட்டும், எல்லாம் உரிய இடத்தில் நிறுவப்பட்டிருப்பதுபோல விண்டோஸ் காட்டுகிறது. இந்தத் தனி உலகத்தைக் குமிழி என்பார்கள். ஒரு குமிழியில் பழைய ஜாவாவும் பக்கத்துக் குமிழியில் புதிய ஜாவாவும் ஒன்றையொன்று அறியாமல் ஓடும். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியையே ஓட்டும் மெய்நிகர்க் கணினி வேறு, இது வேறு. இதில் இரண்டாவது இயங்குதளம் எதுவும் ஓடுவதில்லை என்பதால், நினைவகம் குறைந்த பழைய கணினிக்கும் சுமை அதிகமில்லை.

இந்த நுட்பம் மைக்ரோசொஃப்ட் வீட்டிலேயே பிறந்ததல்ல. சொஃப்ட்ரிசிட்டி என்ற நிறுவனத்தின் சொஃப்ட்கிரிட் 2006இல் மைக்ரோசொஃப்டின் கைக்கு வந்தது. பின்னர் ஆப்-வி என்று பெயர் மாறியது. 2016இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பிலிருந்து, பொதிகளை ஓட்டும் பகுதியான ஆப்-வி கிளையன்ட் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் உரிமத்தைப் பாருங்கள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆப்-வி கிளையன்ட் விண்டோஸ் என்டர்பிரைஸ், எடியுகேஷன் பதிப்புகளில் மட்டுமே உண்டு. ப்ரோ பதிப்பில் இல்லை. தோட்ட அலுவலகங்களுக்கு வாங்கும் கணினிகள் பெரும்பாலும் ப்ரோ, சில வேளை ஹோம். ஒவ்வொரு கணினியிலும் வின்வெர் என்று தட்டிப் பதிப்பைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், புதிதாகத் தொடங்குகிறவர் விண்டோஸ் 11 என்டர்பிரைஸில் தொடங்குவதே சரி.

எல்லாம் ப்ரோதான், உரிமம் வாங்கப் பணமில்லை என்றால் எம்எஸ்ஐஎக்ஸ் பக்கம் போங்கள். மைக்ரோசொஃப்ட் 2018இல் கொண்டுவந்த பொதி வடிவம் அது, ப்ரோவிலும் ஓடும். பழைய, அடம்பிடிக்கும் மென்பொருள்களோடு அது ஆப்-வி அளவுக்கு ஒத்துப்போவதில்லை என்பது என் அனுபவம். ஆனாலும் ஆப்-வி பொதியை எம்எஸ்ஐஎக்ஸாக மாற்றும் கருவி இருப்பதால், இன்று செய்யும் உழைப்பு நாளை முழுக்க வீணாகாது.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுக்க வேண்டும். ஆப்-விக்கென்று முகாமைச் சேர்வர், வெளியீட்டுச் சேர்வர், அவற்றின் பின்னால் ஒரு எஸ்கியூஎல் தரவுத்தளம் என்று முழு ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சேர்வர்களுக்கான ஆதரவின் எல்லை 2026 ஏப்ரல். கிளையன்டும் பொதி கட்டும் சீக்குவென்சரும் விண்டோஸோடு தொடர்கின்றன. ஆகவே புதிதாகச் சேர்வர் நட வேண்டாம். பல கணினிகளை ஓரிடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் கொன்ஃபிகரேஷன் மனேஜர் உள்ள பெரிய நிறுவனம் அதன் வழியாக அனுப்பலாம். எங்களைப் போன்றவர்களுக்கு விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லே போதும். இந்த வழிகாட்டியும் அதைத்தான் பின்பற்றுகிறது.

எது பொதிக்குள் போகும், எது போகாது

வன்பொருளோடு நேரடியாகப் பேசும் எதுவும் போகாது. கொழுந்து நிறுக்கும் மின்தராசைக் கணினியோடு இணைக்கும் டிரைவர், கைரேகைக் கருவியின் டிரைவர், பிரிண்டர் டிரைவர், உரிமச் சாவியாக யுஎஸ்பியில் செருகும் டொங்கிளின் டிரைவர் ஆகிய எல்லாவற்றையும் கணினியிலேயே வழக்கம்போல நிறுவுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளும், கணினி எழும்போதே தானாக ஓட வேண்டிய சேவைகளைக் கொண்டவையும் வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போல இயங்குதளத்தின் உறுப்பாக இருப்பதையும் பொதியாக்க முடியாது. தராசு மென்பொருளில் டிரைவர் வெளியே, செயலி பொதிக்குள் என்று பிரித்து வைத்தால் பெரும்பாலும் வேலை செய்கிறது.

எழுத்துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் செக்ரோல் பழைய பாமினி எழுத்துருவில் சம்பளத் துண்டு அச்சிடும். நிறுவும்போது பாமினியும் சேர்ந்து பொதிக்குள் போய்விட்டது. குமிழிக்குள் இருந்து அச்சிட்டால் அழகான தமிழ். அதே பட்டியலை எக்செல் கோப்பாக எடுத்துத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். எக்செல் குமிழிக்கு வெளியே நிற்கிறது, பாமினி உள்ளே இருக்கிறது, வேறென்ன நடக்கும்? எழுத்துருக்களை எல்லாக் கணினிகளிலும் வெளியே நிறுவிவிட்டேன், தொல்லை தீர்ந்தது. சிங்கள எழுத்துருக்களுக்கும் இதே விதி.

பொதி கட்டும் மேசை

இதற்கென ஒரு மெய்நிகர்க் கணினி வேண்டும். ஹைப்பர்-வியில் ஒன்றை உருவாக்கி, தோட்டங்களில் உள்ள அதே விண்டோஸ் பதிப்பை நிறுவுங்கள். தோட்டத்தில் 64 பிட் என்றால் இங்கும் 64 பிட். திகதி வடிவமும் வட்டார அமைப்பும்கூட ஒன்றாக இருக்கட்டும். மே 10ஐ ஒக்டோபர் 5 என்று படிக்கும் செக்ரோல் எப்படிப்பட்ட கலவரத்தை உண்டாக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

அதில் வேறு எந்த மென்பொருளும் இருக்கக் கூடாது. விண்டோஸ் ஏடிகே என்ற கருவித் தொகுப்பிலிருந்து ஆப்-வி சீக்குவென்சரை மட்டும் நிறுவுங்கள். விண்டோஸ் அப்டேட், வைரஸ் தடுப்பான டிஃபென்டர், விண்டோஸ் தேடல் மூன்றையும் நிறுத்துங்கள். பொதி கட்டும் நேரத்தில் கணினியில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் சீக்குவென்சர் மென்பொருளின் வேலை என்றே எண்ணிப் பதிவுசெய்யும். இவை பின்னால் ஓடினால் அவற்றின் குப்பையும் பொதிக்குள் போய்விடும். எல்லாம் தயாரானதும் ஒரு செக்பொயின்ட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பொதிக்கும் முன்பு அந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். நேற்றுக் கட்டிய அறிக்கைக் கருவியின் மிச்சம் இருக்கும்போதே இன்றைக்குச் செக்ரோலைக் கட்டினால், அது இங்கே ஓடும், தோட்டத்தில் ஓடாது. ஏன் என்று தேடியே ஒரு கிழமை போய்விடும்.

சீக்குவென்சரைத் திறந்து புதிய பொதி என்று தேர்ந்தால், முதலில் அது கணினியைச் சோதிக்கும். மறுதொடக்கம் நிலுவையில் இருக்கிறது, டிஃபென்டர் ஓடுகிறது என்று எச்சரித்தால் தாண்டிப் போகாதீர்கள், சரிசெய்துவிட்டு வாருங்கள். அடுத்து மென்பொருளின் வகையைக் கேட்கும். செக்ரோல் போன்றது சாதாரணச் செயலி. ஜாவா மட்டும் என்றால் இடைநிலை மென்பொருள். இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது துணைச் செருகி. பிறகு நிறுவும் கோப்பைக் காட்டி, பொதிக்குப் பெயர் வையுங்கள். பெயரில் மென்பொருளின் பதிப்பு எண் வரட்டும். நான் கட்டிய திகதியையும் சேர்ப்பேன்.

இப்போது வழக்கம்போல நிறுவுங்கள், இட அமைப்பை மாற்றாமல். நிறுவி முடிந்ததும் அவசரப்பட்டு அடுத்த பொத்தானை அழுத்தாதீர்கள். சீக்குவென்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மென்பொருளைத் திறந்து, முதல்முறை கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் கொடுங்கள். தரவுத்தள இணைப்பை அமையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். மூடி, மறுபடி திறந்து பாருங்கள். நிறுவி மறுதொடக்கம் கேட்டால் அதையும் இந்தக் கட்டத்துக்குள்ளேயே செய்யுங்கள்; எழுந்ததும் சீக்குவென்சர் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சேமித்ததும் ஒரு கோப்புறையில் சில கோப்புகள் கிடைக்கும். பெரியதுதான் பொதி. கூடவே வரும் இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளில் ஒன்று கணினி அளவிலான அமைப்புகளுக்கு, மற்றது பயனர் அளவிலானவற்றுக்கு. மேசையில் வரும் ஐகானின் பெயரை மாற்றவோ, தேவையில்லாத குறுக்குவழியை நீக்கவோ பொதியை மறுபடி கட்ட வேண்டியதில்லை, இவற்றைத் திருத்தினால் போதும். எந்தெந்தக் கோப்புகளைச் சேர்க்காமல் விட்டது என்று சொல்லும் அறிக்கைக் கோப்பும் அங்கேயே இருக்கும். யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

தரவைக் குமிழிக்கு வெளியே வையுங்கள்

நான் சறுக்கியதில் பெரிய சறுக்கல் இது. எங்கள் பழைய செக்ரோல், நாளாந்தப் பேர், அதாவது நாள் வேலைக் கணக்கு, பதிவுகளைத் தன் நிரல் கோப்புறைக்குள்ளேயே ஒரு தரவுக் கோப்பில் எழுதும். சோதித்துப் பார்த்தேன், ஓடியது. ஒரு தோட்டத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அங்கிருந்து அழைப்பு: “ஐயா, காலையில் நான் போட்ட முழுப் பேரையெல்லாம் காணவில்லை. மத்தியானம் வந்த தம்பி திறந்தால் ஏடு வெறுமையாக இருக்கிறதாம்.”

ஏடு எங்கும் போகவில்லை. பொதிக்குள் இருக்கும் கோப்பை ஒருவர் மாற்றினால், ஆப்-வி மூலக் கோப்பைத் தொடுவதில்லை. மாற்றிய பிரதியை அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறையில் வைக்கிறது. காலையில் வேலை பார்த்த கிளாக்கருக்கு ஒரு பிரதி, மத்தியானம் வந்தவருக்கு இன்னொன்று. ஒரே மேசை, ஒரே கணினி, இரண்டு செக்ரோல்கள். நல்லவேளை, சம்பள நாளான பத்தாம் திகதிக்கு அப்போது இரண்டு கிழமை இருந்தது. இருவரின் பதிவுகளையும் கையால் ஒப்பிட்டுச் சேர்த்தோம். அரைப் பேர் போட்ட இரண்டு இடங்களில் யார் சொல்வது சரி என்று கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியும் வந்தது.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கும். மென்பொருள் முரண்டுபிடித்தால் பொதியைப் பழுதுபார்க்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. பயனர் நிலையையும் சேர்த்துப் பழுதுபார்க்கச் சொன்னால் அந்தப் பிரதிகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஏடு காணாமல் போனது என்றதும் நான் அதைத்தான் தட்டப் போனேன்.

ஆகவே விதி: பொதிக்குள் நிரல் மட்டும், தரவு எப்போதும் வெளியே. கட்டும்போதே மென்பொருளின் அமைப்பில் தரவுக் கோப்புறையை டி டிரைவுக்கோ அலுவலகப் பொதுக் கோப்புறைக்கோ மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருளைப் பொதியாக்காமல் விடுங்கள். பொதியை அனுப்புமுன் ஒரே கணினியில் இரண்டு பயனர் பெயர்களில் நுழைந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கிறாரா என்று சோதியுங்கள். இப்போது என் சோதனையில் முதலாவது அதுதான்.

மற்றச் சோதனைகள் விரைவில் முடியும். நிர்வாகியாக அல்லாமல் சாதாரணப் பயனராக நுழைந்து சோதியுங்கள். வலைக் கம்பியைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். போன மாதத்துச் சம்பளத்தை மறுபடி ஓட்டி, ஊழியர் சேமலாப நிதிக்கான தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில் தருநரின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் சதக் கணக்கில் பழையதோடு ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். ஒரு சம்பளத் துண்டை உண்மையான பிரிண்டரில் அடித்துப் பாருங்கள்.

மலைப்பாதையில் பொதி

ஆப்-வியின் பெருமையாகச் சொல்லப்படுவது ஸ்ட்ரீமிங். முழுப் பொதியும் வந்துசேரும்வரை காத்திராமல், தேவையான பகுதி வந்ததும் மென்பொருள் திறக்கும். மீதி பிறகு வரும். கொழும்பில் ஒரே கட்டடத்துக்குள் இது அருமை. அக்கரப்பத்தனைக்கு மேலே, மழை பிடித்தால் இணைப்பு விழும் தோட்டத்தில் இது பொறி. பாதி வந்த பொதியில், இதுவரை யாரும் தொடாத அறிக்கைப் பக்கத்தைச் சம்பளத்துக்கு முதல் நாள் கிளாக்கர் திறப்பார். அந்தப் பகுதி இன்னும் ஹட்டனில் இருக்கும். இணைப்பு இருக்காது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். பொதி 600 மெகாபைட், ஹட்டனிலிருந்து வெளியே செல்லும் வேகம் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்துக்கே 20 நிமிடம். பத்துத் தோட்டங்களும் ஒன்றாக இழுத்தால் 3 மணி 20 நிமிடம், அதுவும் வேறு யாரும் இணையத்தைத் தொடாமல் இருந்தால்.

அதனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கணினியைக் களஞ்சியமாக வைத்தேன். பகலில் ஓடும் அலுவலகக் கணினியை முதலில் தேர்ந்தது தவறு. மாலையில் அதை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தேயிலைத் தொழிற்சாலை இரவிலும் ஓடும். டீமேக்கரின் அறையில் இருக்கும் கணினிக்கு மாற்றியதும், நள்ளிரவில் பொதிகள் ஒழுங்காக வந்துசேர்ந்தன. அனுப்புவதற்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பியை, விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையில் ஓட்டுகிறேன். வந்த பொதியின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்ணை, ஹட்டனில் உள்ளதோடு ஒப்பிடாமல் அடுத்த படிக்குப் போவதில்லை. இணைப்பே இல்லாத இரண்டு தோட்டங்களுக்கு, சம்பளப் பட்டியல் கொண்டுவரும் ஆளிடமே யுஎஸ்பி கொடுத்துவிடுகிறேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கிளையன்டை எழுப்பிப் பொதியை ஏற்றுவது

கணினிகள் ஒரே சேர்வரின் கீழ் நிர்வகிக்கப்படும் டொமைனில் இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் குரூப் பொலிசியில் ஆப்-வி கிளையன்டை இயக்கலாம். இல்லையென்றால் நிர்வாகியாகப் பவர்ஷெல்லைத் திறந்து எனேபிள்-ஆப்வி கட்டளை. கெட்-ஆப்விஸ்டேட்டஸ் கட்டளை, கிளையன்ட் இயங்குகிறதா, மறுதொடக்கம் வேண்டுமா என்று சொல்லும்.

மற்றக் கட்டளைகள் எல்லாம் ஒரே பாணி: முன்னால் ஒரு வினை, ஒரு சிறுகோடு, பின்னால் ஆப்விகிளையன்ட்பேக்கேஜ் என்ற பெயர். ஆட் என்ற வினை பொதியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும். திருத்திய எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தால் அதன் பாதையையும் இங்கே கொடுங்கள். பப்ளிஷ் ஐகானைக் கொண்டுவரும். ஒரே கணினியில் பலர் வேலை பார்ப்பதால் குளோபல் என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போது யார் நுழைந்தாலும் ஐகான் இருக்கும். அதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் நான் மேலே சொன்ன பொறியில் விழுகிறார்கள். மூன்றாவதாக மவுண்ட் கொடுத்தால்தான் முழுப் பொதியும் இந்தக் கணினியின் வட்டுக்கு வரும். ஷெயார்டு கொன்டென்ட் ஸ்டோர் என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது பொதியை வட்டில் வைக்காமல் ஒவ்வொரு முறையும் சேர்வரிலிருந்தே படிக்கச் செய்வது. எங்கள் இணைப்புக்கு ஆகாது.

மூன்றையும் ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி, களஞ்சியக் கணினியின் பாதையைக் கொடுத்து, முதலில் ஒரேயொரு தோட்டத்தில் ஓட்டுங்கள். அங்கே ஒரு முழுச் சம்பள மாதம் போகட்டும். பெரிய கிளாக்கர் குறை சொல்லாவிட்டால் மற்றத் தோட்டங்களுக்குப் போகலாம்.

அறிக்கைக் கருவியும் செக்ரோலும் ஒரே தரவுத்தள இணைப்பியைப் பகிர வேண்டியிருந்தால், இரண்டையும் ஒரே பொதியில் திணிக்காதீர்கள். தனித்தனியாகக் கட்டி, கனெக்ஷன் குரூப் மூலம் குமிழிகளை இணைக்கலாம். நாளை ஒன்று மாறினால் அதை மட்டும் மறுபடி கட்டலாம்.

ஓடாதபோது

விண்டோஸ் நிகழ்வுகளின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் மைக்ரோசொஃப்ட் என்ற கிளையின் கீழ் ஆப்வி, அதன் கீழ் கிளையன்ட். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஸ்டார்ட்-ஆப்விவெர்ச்சுவல்புரொசஸ் என்ற கட்டளையால் ஒரு கட்டளைச் சாளரத்தைக் குமிழிக்குள்ளேயே திறக்கலாம். மென்பொருளின் கண்ணுக்கு எந்தக் கோப்பு தெரிகிறது, எது தெரியவில்லை என்று உள்ளே நின்று பார்ப்பதுதான் பாதிப் புதிர்களை அவிழ்க்கிறது. மீதிப் பாதி, கட்டும்போது வெளியே விட்ட ஏதாவதொரு துணைக் கோப்பாக இருக்கும்.

புதிய பதிப்பு, பழையதுக்குத் திரும்புவது

புதிய பதிப்பு வந்தால் புத்தம்புதிய பொதி கட்டாதீர்கள். பழைய பொதியைச் சீக்குவென்சரில் திறந்து, புதுப்பிப்பை அதன்மேல் நிறுவிச் சேமியுங்கள். பொதியின் அடையாள எண் அப்படியே இருந்து பதிப்பு எண் மட்டும் மாறும். ஆகவே கிளையன்ட் இதைப் பழையதன் வாரிசாக ஏற்கும். ஆட், பப்ளிஷ், மவுண்ட் என்ற அதே வரிசைதான். யாராவது பழைய பதிப்பைத் திறந்து வைத்திருந்தால் மாற்றம் காத்திருக்கும். குளோபலாக வெளியிட்டதென்றால் கணினி மறுதொடக்கம் ஆகும்போது நடக்கும். “நேற்று அனுப்பினீர்களாம், இன்னும் பழையதுதான் வருகிறது” என்று அழைப்பு வந்தால், கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வதே பதில்.

பழைய பதிப்பைக் குறைந்தது இரண்டு சம்பள மாதங்களுக்குக் களஞ்சியத்தில் விட்டுவையுங்கள். புதியது கணக்கில் பிழை காட்டினால் பழையதை மறுபடி பப்ளிஷ் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஒரு பொதியை முழுதாக அகற்றும்போது ஸ்டாப், அன்பப்ளிஷ், ரிமூவ் என்ற வரிசையில் போக வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் மாதத்தின் 1ஆம் திகதியிலிருந்து 10ஆம் திகதி வரை எந்தப் பொதியும் ஹட்டனை விட்டு வெளியேறுவதில்லை. மென்பொருள் விற்றவர் எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் 11ஆம் திகதி பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.